குகைக்குள் யாரும் இல்லை

உலு திராமில் ஒரு வக்கீலின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் கூடி விளையாடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதுதான், ஆனால் பலகையும் காய்களும் கிடையாது. ஒருவர் கதையைச் சொல்லி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். டிராகன், பூதம், மந்திரவாதி எல்லாம் வரும்.

கதையை நடத்தியவர் வக்கீல். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொடுக்கும் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, காயங்களை ஆற்றும் பூசாரியாக விளையாடுவார். பெக்கான் நானாஸிலிருந்து வரும் மருந்துக்கடைக்காரர்தான் மந்திரவாதி. நான் வாளேந்திய வீராங்கனை, நீதி தெய்வத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள்.

பாத்திரத்தை உருவாக்கும்போதே அதன் குணத்தையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். அலைன்மென்ட் என்பார்கள். நல்லவரா, கெட்டவரா, நடுவிலா? சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா, மனம் போனபடி நடப்பவரா? என்னுடையவள் நல்லவள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். அதற்காகத்தான் தெய்வம் அவளுக்குச் சக்தி கொடுத்திருந்தது. அவள் கை வைத்தால் நோய் தீரும். இருட்டில் அவள் வாள் ஒளிரும். குணம் கெட்டுவிட்டது என்று கதை நடத்துபவர் தீர்ப்புச் சொன்னால் எல்லாம் போய்விடும். வாரம் முழுக்கப் பாக்டரியில் மேனேஜருக்கும் லைனில் நிற்கும் பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாளைப் பிடித்து நிற்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்றைய கதையில் ஒரு பிரபு இருந்தான், சுரங்க முதலாளி. ஒப்பந்தம் முடிவதற்குள் அவனுடைய கூலிகள் ஓடிவிட்டார்கள். அவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். நாங்களும் தேடிப் போனோம்; பிரபுவின் சிப்பாய்களை முந்தி, எங்கள் கண்ணில்தான் அவர்கள் முதலில் பட்டார்கள்.

"குகைக்குள்ள ஒரு கூட்டமே இருக்கு. ஒருத்தி கையில குழந்தை வேற," என்றார் வக்கீல். "வெளியில பிரபுவோட சிப்பாய்ங்க வந்துட்டாங்க. என்ன செய்றீங்க?"

"நான் வெளியே போறேன். குகைக்குள்ள யாரும் இல்லைன்னு சொல்றேன்."

"அவங்க சட்டப்படி வந்திருக்காங்க. வாரண்ட் இருக்கு."

"தெரியும்ணே. யாரும் இல்லைன்னுதான் சொல்றேன்."

பகடையை உருட்டினேன். நல்ல எண் விழுந்தது. சிப்பாய்கள் நம்பித் திரும்பிப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வாள் அணைஞ்சிருச்சு," என்றார்.

"ஏன்?"

"பொய் சொன்னீங்க. ஓடிப்போன கூலிங்களை ஒளிச்சு வச்சீங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான் லா. இனிமே உங்க ஆளு கெட்டவ."

சட்டத்தை மீறியவள் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கெட்டவள் என்றது பொறுக்கவில்லை.

"அந்தக் குழந்தையும் ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சிச்சா?" என்று கேட்டேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. சத்தியத்தை மீறினவ கெட்டவதான்."

"போன மாசம் இவரு சத்திரத்தையே கொளுத்தினாரு. உள்ள ஆளுங்க தூங்கிட்டிருந்தாங்க. நீங்க சிரிச்சீங்க. இவரு மட்டும் இன்னும் நடுவிலேயே இருக்காரு?"

"அலமாக், என்னை ஏன் இழுக்குறீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மந்திரவாதி யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கல. நீங்க கொடுத்தீங்க," என்று சொல்லிவிட்டு வக்கீல் என் பாத்திரத்தின் தாளை இழுத்து, 'நல்லவள்' என்ற சொல்லைக் குறுக்கே அடித்தார். கோர்ட்டில் எழுதுகிற மாதிரி நிதானமாக அடித்தார். அந்த நிதானம்தான் என்னைக் கொளுத்திவிட்டது.

"உங்க தாத்தா தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிராணியா கூலிங்க கணக்கு எழுதினாருன்னு நீங்களே பெருமையா சொல்லியிருக்கீங்க," என்றேன். "எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. தப்பி ஓடினவன் மேல யாருக்குக் கோவம் வரும், யாரு அவனை ஒளிச்சு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ணே."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எத்தனை லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாலும் தோட்டத்து புத்தி போகாது," என்றார்.

பண்டார் தெங்காரா பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், வேலைக்குப் போன இடத்தில் கேட்டிருக்கிறேன். யார் வீட்டு மேசையில் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கறிபாப் பகிர்ந்து சாப்பிட்டேனோ, அந்த வீட்டில் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

"என்ன பேச்சு இது?" என்றார் அவர் மனைவி.

"உள்ளதைச் சொன்னேன்."

"அப்போ என்னையும் எழுதுங்க. நானும் அவ பக்கத்துலதானே நின்னேன்? சிப்பாய் கேட்டப்ப நானும் இல்லைன்னுதானே தலையாட்டினேன்? என் பூசாரியும் தெய்வத்துக்குச் சத்தியம் கொடுத்தவதான். கெட்டவள்னு எழுதுங்க."

"நீ சும்மா இரு. உன்னோடது வேற."

"என்ன வேற?"

வக்கீல் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தார். அக்கா தன் தாளை அவர் முன்னால் தள்ளியபடியே இருந்தார். அவர் அதைத் தொடவே இல்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"விளையாட்டை விளையாட்டா பாக்கத் தெரியணும்," என்றார் என் முதுகுக்குப் பின்னால்.

"விளையாட்டுலதான்ணே ஆளைத் தெரியுது," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

மறுநாள் குழுவின் வாட்சப்பில் அவருடைய குரல் பதிவு வந்தது. அந்தக் கற்பனை நாட்டின் சட்டம் எப்படிப்பட்டது, சத்தியத்தின் கனம் என்ன என்று நீளமாக விளக்கியிருந்தார். யார் மனசாவது புண்பட்டிருந்தால் வருத்தமாம். யார் மனசாவது! கேட்டு முடித்ததும் குழுவிலிருந்து வெளியேறினேன்.

குணத்தைத் தீர்மானிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தூங்குகிறவர்களோடு ஒரு வீட்டைக் கொளுத்தியவனைக் கெட்டவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு நல்லவன் என்றால் சொன்ன சொல் கேட்டு நடக்கிறவன். யார் சொன்ன சொல், யார் தலையில் விழுகிற சொல் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய நிலைமை அவர் குடும்பத்தில் யாருக்கும் வந்திருக்காது. இதை யோசிக்க யோசிக்கக் கோபம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பாக்டரியில் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன்.

சில வாரங்கள் கழித்து அக்கா போன் செய்தார்.

"உன் வீட்டுக்கு வரலாமா? கூலிங்க இன்னும் அந்தக் குகைக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்காங்க."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவரைக் கேட்டுட்டா போன் பண்ணுவேன்?"

அப்படித்தான் கூலாயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு விளையாட்டு வந்தது. மருந்துக்கடைக்காரரும் வந்தார். இப்போது கதையை நடத்துவது நான். முதல் நாளே இருவரும் கூலிகளைக் குகையிலிருந்து ஆற்றங்கரை வரை கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு சிப்பாய் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். மருந்துக்கடைக்காரர் அவனைக் கொன்று ஆற்றில் தள்ளுகிறேன் என்றார்.

"செய்ங்க. ஆனா உங்க மந்திரவாதி இனிமே கெட்டவன்," என்றேன்.

"அண்ணே இருந்தா விட்டிருப்பாரு!"

"அவரு விட்டிருப்பாரு. நான் விட மாட்டேன்."

முறைத்தார். அப்புறம், "கட்டிப் போடுறேன், போதுமா?" என்று பகடையை எடுத்தார்.

அக்காவை வக்கீல்தான் காரில் கொண்டுவந்து விடுகிறார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் தானேதான் கூட்டிப்போவேன் என்று வக்கீலுக்குப் பிடிவாதம். வாசலில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். என் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. சாயங்காலம் ஆனதும் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். என் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பாவம்மா, அந்த ஆளு. தே ஓ கலக்கிக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா," என்றேன்.

வெளியே மறுபடி ஹார்ன் சத்தம் கேட்டது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ சொல்லு," என்றார் என்னிடம். "ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"