ஒரே பஸ்ஸில் வந்த இரண்டு மதிப்பீட்டாளர்கள்

பத்திரிகையில் இருபது வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்திவிட்டு, சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதுநிலை படித்த மோகனூர்ப் பெண் ஒருவர் என்னைத் தன் ஆய்வுக்குள் இழுத்துவிட்டார்.

ஒரு மருந்தைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் தேடி எடுத்து, சலித்து, மொத்தத்தில் ஒரு முடிவு சொல்லும் கட்டுரைகள் உண்டு. அவை ஒழுங்காகச் செய்யப்பட்டவையா என்று பார்க்க ஒரு கேள்விப் படிவமும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், ஓரளவு, இல்லை என்று குறிக்க வேண்டும். அந்தப் படிவத்தையே நம்பலாமா என்பதுதான் அவருடைய ஆய்வு. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தால் ஒரே பதில் வருமா? டாக்டர் ஒருவர், டாக்டர் அல்லாதவர் ஒருவர். டாக்டர், மருந்தியல் துறையின் உதவிப் பேராசிரியை. இன்னொருவர் நான்.

மாதக் கடைசிக்குள் வழிகாட்டிப் பேராசிரியை கையெழுத்துப் போட்டால்தான் மாணவி இந்த முறை தேர்வு எழுத முடியும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

முதல் சுற்று முடிந்தது. கிட்டத்தட்ட எல்லாப் பதில்களும் ஒத்துப்போயிருந்தன. மாணவி மைசூர்பாகு வாங்கி வந்தார். வழிகாட்டி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே இரண்டு படிவங்களையும் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்றார்.

"சேர்க்காம ஒதுக்கிய ஆய்வுகளோட பட்டியல் இந்தக் கட்டுரையில இல்லைன்னு ரெண்டு பேருமே போட்டிருக்கீங்க. அது தனி இணைப்பா இருக்கே. தப்பு பண்றது சகஜம். ரெண்டு பேரும் ஒரே தப்பை எப்படிப் பண்ணுனீங்க?"

உதவிப் பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் மைசூர்பாகைப் பார்த்தேன்.

"காலேஜுக்கு நீங்க எப்படி வர்றீங்க?" என்றார் வழிகாட்டி.

"நாமக்கல் பஸ்லங்க மேடம். சார் புதுச்சத்திரத்துல ஏறுவாருங்க."

"பேசிட்டு வருவீங்களா?"

"சந்தேகம் மட்டும் கேட்டுக்குவமுங்க."

அந்தப் பட்டியலைத் தேடினேன், இல்லை என்று பஸ்ஸில் சொன்னது நான்தான். அவர் என்னை நம்பி அப்படியே குறித்துவிட்டார். செய்தி அறையில் இரண்டு நிருபர்களின் செய்தியில் இறந்தவர் வயது ஒரே மாதிரி தப்பாக இருந்தால், இருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் திட்டியவன் நான்.

மாணவியின் முகம் சுருங்கிப்போனது. இருந்தது இரண்டு வாரம். வேறு கட்டுரைகளோடு மறுபடி தொடங்கினோம்.

பஸ்ஸில் பேசாமல் வருவது கட்டுரை படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. உதவிப் பேராசிரியை முன் சீட்டில், நான் பின் சீட்டில். மூன்றாம் நாள் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, போன வாரம் வரைக்கும் பேச்சு ஓயாது. இப்ப என்னங்க சண்டைங்களா?"

"பரிச்சை எழுதறமுங்க. பேசக் கூடாதுங்க" என்றார் அவர்.

"இந்த வயசுலயுங்களா?" என்று கண்டக்டர் என்னைத்தான் பார்த்தார்.

இரண்டாம் சுற்றில் ஒற்றுமை நடுத்தரத்துக்கு இறங்கியது. எளிய கேள்விகளில் ஒத்துப்போனோம். இரண்டு கேள்விகளில் மட்டும் நானொரு பக்கம், அவரொரு பக்கம். அவர் 'ஓரளவு' என்று தாராளமாக விட்ட இடங்களில் நான் 'இல்லை' போட்டிருந்தேன்.

"நீங்க ரொம்ப ஈவிரக்கம் இல்லாத ஆளுங்க சார்."

"நீங்க பரிதாபப்பட்டு மார்க் போடறீங்க மேடம்."

"அந்த ரெண்டு கேள்வியோட வாசகமே தெளிவா இல்லைங்க, அதான்" என்று இடையில் புகுந்த மாணவி, சொன்ன வேகத்தில் நிறுத்திக்கொண்டார். வழிகாட்டி சிரித்தார். "இதை எழுது. இதுதான் உன் தீசிஸ். கூடவே முதல் சுற்றை ஏன் தூக்கிப் போட்டோம்னும் எழுது. அப்பத்தான் கையெழுத்து."

மாணவி தயங்கினார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் சிரிப்பார்களே என்ற பயம். கெடுவின் கடைசி நாள் மத்தியானம் அந்தப் பத்தியைத் திருத்தித் தரச் சொல்லி என் மேசைக்குக் கொண்டுவந்தார். மதிப்பீட்டாளர்கள் பயணத்தின்போது சில விடைகளைக் கலந்து பேசியிருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.

அதை அடித்துவிட்டு, பேசினார்கள் என்று எழுதினேன். முதலில் வந்த தவறான விடை டாக்டர் அல்லாதவருடையது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

"சார், இது வேண்டாங்க."

"இருக்கட்டும்மா. நடந்தது அதுதானே."

வழிகாட்டி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பேனா எழுதவில்லை; உதறினார்; என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மணி நாலரை. பைண்டிங் கடை ஆறு வரைதான். தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு மாணவி ஓடினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.