கட்டை விரல் மறைத்த பெயர்

போன வருடம் கார்த்திகையில், மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது. கம்ப்யூட்டர் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். காரைக்கால் டவுனில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை, வரிச்சிக்குடியில் அதன் கிளை. டாக்டர் டவுனில் இருப்பார். கிளையில் காலை நேரத்தில் ஒரு நர்ஸ் மட்டும்தான். அங்கே எடுக்கிற ஈசிஜி உடனே இங்கே டாக்டரின் திரையில் தெரிய வேண்டும். அதற்காக இன்டர்நெட் வழியாகவே, வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு தனிப் பாதை போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் தொழிலில் அதை ‘டன்னல்’ என்போம்.

அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. “இனிமே வாட்ஸ்அப்ல எதையும் அனுப்பாதீங்க. பேஷண்ட் பேரு ஊரெல்லாம் சுத்தும்” என்று அந்த நர்ஸம்மாவைக் கடிந்துகொண்டேன். கிளையில் அந்த டன்னலை இயக்கும் ரவுட்டர் கருவி இருந்த இரும்புப் பெட்டியைப் பூட்டி, யாராவது நோண்டிவிடுவார்கள் என்று சாவியையும் நானே எடுத்து வந்துவிட்டேன்.

அன்று டவுன் மருத்துவமனையில் உட்கார்ந்தபடி, டன்னல் வழியாகவே வரிச்சிக்குடிக் கருவிக்குள் புகுந்து, வேண்டாத பழைய கட்டளைகளை அழித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில், டன்னலைத் திறந்து வைத்திருந்த கட்டளையையும் சேர்த்து அழித்துவிட்டேன். திரை அப்படியே நின்றுவிட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியவன் கதைதான். நல்லவேளை, மாற்றத்தைச் சேமிக்கவில்லை. அந்தக் கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் அதன் சுவிட்ச் பெட்டிக்குள், பெட்டிச் சாவி என் சட்டைப் பையில்.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது. “சார், ஈசிஜி போவ மாட்டேங்குது. வயல்ல உரம் தெளிச்சிக்கிட்டு இருந்தவரு, நெஞ்சு வலிக்குதுன்னு வந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. சீக்கிரம் பாருங்க சார்.”

அடுத்த அறையில்தான் டாக்டர் இருந்தார். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நெட் ஸ்லோவா இருக்கும்மா, ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரனை அடித்துத் தள்ளினேன். அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? நெட் கம்பெனிமேல் போட்டுவிடலாமா? சட்டைப் பைச் சாவியை எத்தனை முறை தொட்டுப் பார்த்தேனோ, தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தரையில் சேற்றுக் கால் தடங்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஆம்புலன்ஸ்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு சார். ஹார்ட் அட்டாக்தான்னு டாக்டர் சொன்னாங்க” என்றார் நர்ஸம்மா. பிறகு தயங்கித் தயங்கி, “ரெண்டு நிமிஷம் பாத்தேன், அப்பறம் வாட்ஸ்அப்லதான் அனுப்புனேன். நீங்க கூடாதுன்னீங்கல்ல, அதான் பேரை மறைச்சிட்டேன். தப்பா சார்?” என்று தன் போனைக் காட்டினார்.

ஈசிஜி தாளின் படம். மேல் ஓரத்தில், பெயர் இருந்த இடத்தை அவருடைய கட்டை விரல் அழுத்தி மூடியிருந்தது.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அன்றே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெட்டிச் சாவி இப்போது நர்ஸம்மாவிடம்தான் இருக்கிறது. ஆனாலும், அவ்வளவு பதற்றத்திலும் அவர் நோயாளியை நினைத்து ஒரு விரலை நகர்த்தி வைத்தாரே, வழி நெடுக நான் யாரை நினைத்துக்கொண்டு பைக்கை விரட்டினேன் என்று யோசித்தால், இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.