பின் சக்கரத்துக்குப் போட்ட மை

எங்கள் பக்கத்தில் எது ஒடிந்தாலும் அது ஏன் ஒடிந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒடிந்த நேரத்தில் பக்கத்தில் எந்தப் பெண் நின்றாள் என்றுதான் கேட்பார்கள். கிணறு வற்றினால் அதற்கு ஒருத்தி இருப்பாள், மாடு சினை பிடிக்காவிட்டால் அதற்கும் ஒருத்தி இருப்பாள். என் பத்தொன்பதாம் வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து அவர் கால் ஒடிந்தது. அந்த முறை அந்த ஒருத்தி நான்.

நாங்கள் காரவள்ளிக்காரர்கள். அப்போது கொல்லிமலைக்கு வண்டி ஏறும் ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மிளகைத் தலையில் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி எங்கள் ஊருக்கு வருவார்கள். அதை வாங்கிச் சேந்தமங்கலத்தில் சேர்ப்பது அப்பாவின் தொழில். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், அடிவாரத்தில் எங்கள் கொட்டகையில்தான் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து மலையேறுவார். சொந்த தேசத்துக்குத் திரும்பும்போது அந்தக் கிழட்டு வண்டியை அப்பாவுக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். மாட்டுவண்டியில் ஒரு பகல் தின்னும் வழியை அது ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கடந்துவிடும் என்று அப்பா சொல்வார். கொஞ்சம் புளுகுதான். ஆனால் அந்த வண்டி வந்த பிறகுதான் எங்கள் அடுப்பு இரண்டு வேளையும் எரிந்தது.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குச் சீட்டு வாங்க வேண்டும், சீமெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு மாற்று வைத்திருந்தார். பிய்ந்த இருக்கைக்கு ஆட்டுத்தோல் தைத்தார். ஹாரன் கெட்டதும் மாட்டு மணியைக் கட்டினார்.

என் கைக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மையை என்னைப் போல் யாரும் குழைக்க முடியாது. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை அரைத்து, துணியில் சலித்து, விளக்கெண்ணெயில் குழைப்பேன். என் மை போட்ட வண்டி கிறீச்சிடாது என்று அடுத்த ஊரிலிருந்தும் மூங்கில் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

வண்டி கவிழ்ந்த அன்று நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புளியமரத்து வளைவில் பின் சக்கரம் முனகியது. பிறகு ஒரு பக்கமாக இழுத்தது. அடுத்த நொடி நாங்கள் தரையில் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா பேச்சுதான் பேச்சு. அவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்பாவின் காலுக்குக் கட்டுப் போட்ட கையோடு, வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"ஏம்புள்ள, ஊட்டுக்குத் தூரமா இருந்துட்டுச் சொல்லாம வண்டியில ஏறிட்டியா?"

அன்று எனக்கு மாதவிலக்கு இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று ஆகிவிடும். நான் வாயை மூடிக்கொண்டதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"கொல்லனுக்கு ஆளனுப்பிட்டேன். வெள்ளிக்கெழம வந்து ஒடச்சு, கொழுவும் கடப்பாரையுமா அடிச்சுக் குடுப்பான். பொட்டப்புள்ள ஏறுன வண்டி இனி நமக்கு ஆவாது" என்றார்.

"வண்டி ஏன் உழுந்துச்சுன்னு பாத்துட்டு அப்பறம் ஒடைங்க, பெரீப்பா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர். வாசல் முழுக்கச் சிரித்தது. கூடம் கோணலா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துவிடுவது என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவு செய்தேன். அதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பெரியப்பா காட்டுக்குப் போனதும் கொட்டகைக்குள் போய் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். முதலில் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி கிணுங்கின, ஒன்றும் தளர்ந்திருக்கவில்லை. டயரில் காற்று இருந்தது. செயினை இழுத்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது ஓரிடத்தில் தொங்கியது, ஓரிடத்தில் விறைத்தது. அப்படியானால் சக்கரம் நடுவில் நிற்கவில்லை என்று அர்த்தம். சக்கரத்தின் மேல் விளிம்பில் ஒரு கையும் கீழ் விளிம்பில் ஒரு கையும் வைத்து ஆட்டினேன். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. அச்சின் இரண்டு பக்க நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். இரண்டும் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன. ஆட்டம் நிற்கவில்லை. கோளாறு வெளியே இல்லை, சக்கரத்துக் குடத்துக்குள்ளே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அந்த நேரத்தில் மலைமேல் தேவனூர் நாட்டுக்காரி ஒருத்தி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி. அவள் இறக்கிய மிளகு மூட்டை, அப்பா படுத்துவிட்டதால் கொட்டகை மூலையில் கிடந்தது. அது எப்போது போகும் என்று கேட்க வந்தவள், நான் சக்கரத்தைக் கையால் சுற்றியதும் காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே நறநறவென்று சத்தம்.

"எங்கூட்டுத் திருவக்கல்லுல மண்ணு உழுந்தா இப்பிடித்தான் கத்தும் கண்ணு. அப்ப மாவு அரையாது, கல்லுதான் அரையும்" என்றாள்.

அவள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் செயினைக் கழற்றி, நட்டுகளைத் திருகி, சக்கரத்தை இறக்கினேன். அச்சை உருவினேன். அதன் இரண்டு முனையிலும் கோன் என்று ஒரு கூம்பு இருக்கும். அந்தக் கோனைச் சுற்றிச் சின்ன இரும்புக் குண்டுகள் உருளும். அதனால்தான் சக்கரம் லேசாகச் சுழல்கிறது. ஒரு பக்கம் பத்துக் குண்டுகள் இருந்தன. மறுபக்கம் ஒன்பதுதான் முழுசு. பத்தாவது இரண்டாகப் பிளந்து குறுக்கே சிக்கியிருந்தது. கோனின் அடிப்பக்கம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. வளைவில் சக்கரம் ஏன் இழுத்தது என்பது பட்டப்பகல் போல் விளங்கிவிட்டது. இரும்பின் குற்றம், என் குற்றம் இல்லை! அந்தப் பிளந்த குண்டைப் பெரியப்பாவின் கையில் வைக்க வேண்டும் என்று துடித்தேன்.

குண்டுகள் எல்லாம் ஒரு கறுப்புப் பசையில் மூழ்கிக் கிடந்தன. அதை விரலில் தொட்டு முகர்ந்தேன். கருகிய வைக்கோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை. என் மை.

மாட்டுவண்டியில் கரி ஒன்றும் செய்யாது. அங்கே கட்டை பெரிது, இடைவெளியும் பெரிது, கரி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே மயிரிழை இடைவெளியில் உருளும் குண்டுகளுக்கு நடுவில் அதே கரி சாணைக்கல்லாகிவிட்டது. நான் பார்த்துப் பார்த்துச் சலித்த கரிதான் குண்டைத் தின்று, கோனைத் தின்று, கடைசியில் அப்பாவின் காலையும் தின்றிருந்தது. என்னைக் குற்றவாளி என்றவர்கள் வாயை அடைக்கத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே நானே இருந்தேன்.

கட்டிலில் கிடந்த அப்பாவிடம் ஓடினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"கிரீசு தீந்து போச்சு சாமி. எங்கயும் கெடைக்கல. உன்ர மைய விட ஒசத்தியா என்ன இருக்குதுன்னு அதையே அப்பி உட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சீமெண்ணெய் ஊத்திக் கழுவிப் போடு. குண்டு வயசாயி ஒடஞ்சுதுன்னு சொல்லிப்போடலாம். நீயும் தப்புச்ச, நானும் தப்புச்சேன்."

பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் அது இனித்தது. கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மலைக்காரி பார்த்தாள், ஆனால் அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அன்று மாலைவரை அழுதேன், யோசித்தேன், மறுபடி அழுதேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத் தப்பித்தால், பெரியப்பா சொன்ன காரணம் ஒரு மூலையில் அப்படியே உயிரோடு இருக்கும். நாளைக்கு வேறொருத்தி தலையில் அது விழும். அதோடு, என் தப்பை ஒப்புக்கொள்ள எனக்குப் பயம் இல்லை. நான் செய்யாத தப்பைச் சுமக்கத்தான் மாட்டேன். பிளந்த குண்டையும் ஒரு சிட்டிகை மையையும் ஆமணக்கு இலையில் மடித்து எடுத்து வைத்தேன். மிச்சத்தைக் கழுவினேன்.

புதன்கிழமை நல்ல குண்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு, சேந்தமங்கலம் போகும் மாட்டுவண்டியில் ஏறினேன். அங்கே சைக்கிள் கடையில் அதே அளவில் இருபது குண்டுகள் வாங்கினேன். "யாரு சைக்கிளுக்குங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். "என்ரதுக்குத்தானுங்க" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கோனுக்கு மாற்று அந்தக் கடையில் இல்லை. வீட்டுக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோன் அச்சோடு நிற்பது, சுற்றாது. பாரம் விழும் அடிப்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது, மேல்பக்கம் புதுசு போல் மின்னியது. தேய்ந்த பக்கம் மேலே வரும்படி அச்சை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டிவிட்டேன். மை மட்டும்தான் பாக்கி. மூட்டை போகும்வரை கொட்டகையிலேயே தங்கிவிட்ட மலைக்காரி, மடியிலிருந்து தேன்மெழுகு உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை விளக்கெண்ணெயில் உருக்கி ஆறவைத்தேன். கரி இல்லை, மண் இல்லை, விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லன் சம்மட்டியோடு வந்தான். பெரியப்பாவும், அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் வந்தார்கள். நான் ஆமணக்கு இலையை விரித்து நீட்டினேன்.

"ஒடஞ்சது இந்தக் குண்டுங்க, பெரீப்பா. ஒடச்சது இந்த மை. மை என்ர கையில கொழச்சது."

"பூசுனது நானு!" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இவளாலதான்னு நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?"

"நீங்க சொன்னது வேறீங்க" என்றேன். "பொம்பள ஏறுனதால உழுந்துச்சுன்னீங்க. அதுக்கு மருந்து கெடையாது. சாவுற மட்டும் நான் பொம்பளதான். நான் சொல்றது, கரி போட்டதால உழுந்துச்சுன்னு. அதுக்கு மருந்து இருக்குது. போட்டும் ஆச்சு."

ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின் சக்கரத்தை ஒற்றை விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. எல்லோரும் அது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்பதாக இல்லை. கொல்லன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அச்சருகே காதை வைத்துக் கேட்டான்.

"நல்ல வண்டிங்க. இத ஒடைக்க எனக்குக் கை வராதுங்க" என்றான்.

நான் சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினேன். கோடைகளில் வறண்ட ஏரிக்குள் அப்பா எனக்கு வண்டி ஓட்டப் பழக்கியிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. மிளகு மூட்டையை டாங்கின் மேல் ஏற்றிக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினேன். மலைக்காரி வந்து பின்னால் ஏறினாள்.

"ஒருத்தி ஏறுனதுக்கே ஒரு காலு போச்சாமா. ரெண்டு பேரு ஏறுனா என்ன ஆவுதுன்னு பாத்தறலாம், உடு கண்ணு" என்றாள்.

"எறங்கு!" என்று பெரியப்பா கத்தினார். "உழுந்தா என்ன புள்ள பண்ணுவ?"

"உழுந்தா என்ர பேரச் சொல்லுங்க" என்றேன். "போய்ச் சேந்துட்டா அதுக்கும் என்ர பேரயே சொல்லோணுங்க."

புளியமரத்து வளைவில் வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. பின் சக்கரம் முனகவில்லை. வெயில் ஏறுமுன் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தோம், பொழுது சாயுமுன் திரும்பியும் வந்தோம். அதன் பிறகு பெரியப்பா இருபது வருஷம் இருந்தார். அப்பா கவிழ்ந்த கதையை எத்தனையோ பேரிடம் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்ததை ஒருவரிடமும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அதனால்தான் நானே எழுதி வைக்கிறேன்.