பல் சரி, சத்தம் சரியில்லை

"தொண்ணூறுலயே வைங்க டாக்டர். ஏத்தாதீங்க, இறக்காதீங்க. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்."

பின்சீட்டைக் கழற்றிவிட்ட காரின் வெறும் தகரத்தில், ஒரு பழைய தலையணையைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் ஆக்ஸில் அக்கா. கண்கள் மூடியிருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் காது கூடுதலாக வேலை செய்யும் என்பது அவர் கட்சி. ஓட்டுகிறவர் காரின் சொந்தக்காரர், பல் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு இங்கே என்ன வேலை என்றால், எடை. "முன்னாடி ஒரு ஆள் இருந்தாத்தான் வண்டி வீட்டு ஆளுங்களோட போற மாதிரி போகும்" என்பார் அக்கா. அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரே குற்றத்துக்காக வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நான் இப்படி எடையாகப் போய் வருகிறேன்.

"இப்ப காலை எடுங்க. சரி, மறுபடி அழுத்துங்க."

காரின் பின்னச்சிலிருந்து, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலின் கியர்களிலிருந்து, வரும் ஊளைகளுக்கு அக்கா உறவுமுறை வைத்திருக்கிறார். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டால் அது மச்சான். "வேலை சொன்னா மட்டும் முனகுவான்." காலை எடுத்த பிறகு ஊளையிட்டால் மாமனார். "நாம கிளம்பினப்புறம்தான் வாயத் தொறப்பாரு." அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கத்துவது உறவே இல்லை, பேரிங். வளைவில் திரும்பும்போது குரல் மாறினால் சக்கரத்துப் பேரிங். சாலை மாறியதும் குரலும் மாறினால் டயர். அப்படிப்பட்ட வண்டியை அக்கா தொடவே மாட்டார், டயர் கடைக்கு வழிசொல்லி அனுப்பிவிடுவார். ஊளையைப் போனில் பதிவுசெய்து அனுப்புகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: "போன்ல ஜுரம் பாக்க முடியுமா? வண்டிய கொண்டாங்க."

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, அந்த மடிப்பில் ஒரு சாக்பீஸ் வைத்திருப்பார். அவர் போட்டிருக்கும் கண்ணாடி நான் செய்து கொடுத்தது. அதன் ஒரு காம்பு உடைந்து கறுப்பு டேப் சுற்றியே ஒரு வருடம் ஆகிறது. மாற்றித் தருகிறேன் என்றால் விடமாட்டார். "கண்ணுக்கு என்ன அவசரம்? காதுதான் சோறு போடுது."

பட்டறையின் உள்ளறையில் இருப்பவர் அவருடைய தம்பி. அளவுக்கருவிகளோடு குடும்பம் நடத்துகிற மனிதர்; ஊர் அவருக்கு மைக்ரோ என்று பேர் வைத்துவிட்டது. அக்கா காதில் கேட்டதைத் தம்பி நம்ப மாட்டார், தம்பி கருவியில் பார்த்ததை அக்கா நம்ப மாட்டார். இருவரும் ஒத்துப்போனால்தான் வண்டி வெளியே போகும். அதனால்தான் அங்கே வேலை தாமதம், அதனால்தான் அங்கே கூட்டம்.

பல் டாக்டரின் கார் முப்பது வருடப் பழசு. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், தரையோடு ஒட்டிய உடம்பு. ஒரு காலத்தில் சாலையில் மற்ற வண்டிகளையெல்லாம் பின்னால் தள்ளிய வண்டி. மூன்று மாதத்துக்கு முன் இதே பட்டறையில்தான் பின்னச்சின் கியர்களுக்குப் புதுப் பேரிங் போட்டு, பல்லோடு பல் பொருத்தி அனுப்பினார்கள். "இனிமே இதுல ஊளை வந்தா என் பேர மாத்திக்கறேன்" என்று அக்கா அன்றைக்குச் சொன்னதை நானே கேட்டேன். இப்போது வந்துவிட்டது, முன்னைவிட மோசமாக.

"வீட்ல அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க" என்றார் டாக்டர். "ஒரு கொசு காதுக்குள்ள ரயில் ஓட்டற மாதிரி இருக்காம். அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்குப் போறோம், அஞ்சு மணி நேரம். நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வரேன், அங்க பாத்துக்கலாம்னு டிக்கெட்டே எடுத்துட்டாங்க."

"நடுவுல வண்டியில வேற எதையும் மாத்தினீங்களா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமே மாத்தல."

பட்டறைக்குத் திரும்பியதும் அக்கா பின்னச்சின் எண்ணெயை வடித்து, மூடியைத் திறந்து, பெரிய கியரின் பற்களில் மஞ்சள் மை தடவி ஒரு சுற்று சுற்றினார். பல்லோடு பல் சேருமிடத்தில் மை விலகித் தடம் தெரியும். டாக்டர் குனிந்து பார்த்துக் குதூகலமாகிவிட்டார். "அட, நாங்களும் இதத்தானே பண்றோம்! புதுப் பல்லு கட்டினா நீலக் காகிதத்த வெச்சுக் கடிக்கச் சொல்லுவோம். இது அருமையான கடி!"

தடம் பல்லின் நடுவில் அழகாக விழுந்திருந்தது. தம்பியின் கருவியும் அதையே சொன்னது. "நூலளவுகூட நகரல. நம்ம வேலை சரிக்கா."

"பல்லு சரிடா. சத்தம் சரியில்ல. ரெண்டும் நிஜம்" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தார். கண்ணாடியை மாற்றத்தான் வந்துவிட்டார் என்று நான் டிராயரை இழுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாக்பீஸை உருட்டினார்.

"காது டெஸ்ட் பண்றவங்க யாராவது தெரியுமா?"

"ஏன்கா?"

"அன்னிக்கே இந்த ஊளை இருந்து, எனக்குத்தான் கேக்காமப் போச்சோ என்னவோ. டாக்டர் வீட்டம்மாவுக்குக் கேக்குதே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கேக்காதுன்னு ஆயிட்டா, நான் அங்க என்ன பண்ணுவேன்? தம்பிக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கவா?"

பதினாறு வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போய், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி, ஒரு வரைபடத்தோடு வந்தார். அதைத் தம்பியின் மேஜையில் போட்டார். "இந்தா, நீ கேக்கற நம்பர்."

தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசி வரி வரை படித்தார். "ரெண்டு காதும் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார். அக்காவின் காதுக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நற்சான்று அதுதான்.

"அப்ப நான் மாறல. வண்டிதான் மாறியிருக்கு. டாக்டரைக் கூப்பிடு."

மறுபடி அதே சாலை, அதே தொண்ணூறு. இந்த முறை அக்கா உட்காரவில்லை. தகரத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்தார். உள்ளங்கையை இங்கே ஒட்டினார், அங்கே ஒட்டினார். ஓர் இடத்தில் கை நின்றது. "இது காத்து வழியா வரல. தகரம் வழியா வருது. திருப்புங்க வண்டிய!"

பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தியதும் அக்கா அடியில் டார்ச் அடித்தார். பின்னச்சின் கியர் பெட்டியைக் காரின் உடம்போடு பிணைக்கும் மூன்று இடங்களிலும், அதிர்வைத் தாங்க, புஷ் எனும் கறுப்பு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ரப்பர் இல்லை. கல் மாதிரி கெட்டியாக, ஊதா நிறத்தில் ஏதோ பளபளத்தது.

அக்கா டார்ச்சை அணைக்காமலே கேட்டார். "டாக்டர், ராத்திரி பல்லு தேய்ச்சிட்டுத்தான் படுக்கறேன்னு உங்ககிட்ட எத்தன பேர் சொல்லியிருப்பாங்க?"

"எல்லாருந்தான்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"வாயத் தொறங்கன்னு..." டாக்டர் அண்ணாந்து பார்த்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுப் போர்ட்டிகோவில், யாருக்கும் தெரியாமல் அவரே மாற்றியிருக்கிறார். பந்தய வண்டிகளில் போடும் கெட்டிப் பிளாஸ்டிக் புஷ்ஷாம், வீடியோவில் பார்த்தாராம். "இந்த வண்டியில ஒரு வேலையாவது என் கையால செய்யணும்னு ஆசை. பிடுங்கறதுதானே என் தொழில், பழைய புஷ் சுளுவா வந்துடுச்சு. சொன்னா சிரிப்பீங்கன்னு..."

"கியர்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும் டாக்டர். ரப்பர் அத முழுங்கிடும். இது முழுங்காது, கொண்டுபோய் ஒவ்வொருத்தர் காதுலயும் ஓதிட்டு வரும்."

இதற்குள் தம்பி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தார். "மூணுமே சரியான இறுக்கத்துல இருக்குக்கா. சுத்தமான கை."

அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு மேலங்கியை எடுத்துவந்து டாக்டரிடம் நீட்டினார். "ரப்பர் நாளைக்கு வந்துடும். போட்டவரே பிடுங்குங்க."

சனிக்கிழமை முழுவதும் டாக்டர் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். ஞாயிறு காலை பின்சீட்டை மாட்டியதும், டாக்டர் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, தேர்வு நடத்த வந்தவர் மாதிரி முன்சீட்டில் அமர்ந்தார். எடைப் பதவி பறிபோன நான், பின்னால் அக்காவோடு முழங்கால் இடிக்க ஒடுங்கிக்கொண்டேன். எழுபது. எண்பது. தொண்ணூறு. டாக்டர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்: அந்த அம்மாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பை மடியிலிருந்து பாதி வழுக்கியிருந்தது. நல்ல தூக்கம்.

சாலை திரும்பியது. வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்தது. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டி, அந்த அம்மாவின் முன்னாலிருந்த வெயில் தடுப்பை, சத்தமே வராமல், மெதுவாக இறக்கிவிட்டார்.