அக்காவுக்காக ஒட்டிய கடற்கரை

என் அக்கா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "மாப்ளைக்கு முடி மட்டும் சீக்கிரமே ரிட்டயர் ஆயிடுச்சு போல" என்று சொல்லிவைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன், சிரிக்கத் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்வது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் அவளுக்கு அறுபது நிறைந்தது. எப்படியாவது அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் இருப்பது தவளக்குப்பத்தில். நான் இருக்கும் குருசுக்குப்பத்திலிருந்து போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. நேரே போய் வாசலில் நின்றிருக்கலாம். புத்தி உள்ளவர்கள் அதைச் செய்வார்கள். நான் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தேன்.

அட்டை செய்வது என் கிறுக்கு. டிஜிட்டல் ஸ்டாம்ப் என்று நெட்டில் விற்கிறார்கள், வண்ணமில்லாத கோட்டுப் படங்கள். நாலைந்தைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து ஒரு காட்சியாக்கி, தடித்த தாளில் அச்செடுத்து, வண்ணம் தீட்டி, கத்தரித்து ஒட்ட வேண்டும். வரைகிறவர்கள் எல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. மப்ளர் கட்டிய முள்ளம்பன்றி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எங்கள் மணலில் கிடக்கிற மாதிரி ஒரு படகு கிடைக்காது. ஆகவே பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் பாயை அழித்தேன். கிறிஸ்துமஸ் மரத்தின் தலையைச் சிரைத்துத் தென்னையாக்கப் பார்த்தேன், அது விளக்குமாறாக வந்தது.

காட்சி இதுதான்: கடற்கரையில் இரண்டு பெண்கள், தங்கை அக்காவுக்குச் சுண்டல் பொட்டலம் நீட்டுகிறாள். நீட்டுகிறவள் கையில் முதலில் கேக் இருந்தது. அதை அழித்துவிட்டுப் பொட்டலம் வரைந்தேன். ஆனால் இரண்டு பொம்மையும் ஒரே பக்கம் பார்த்தன, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல. அக்கா பொம்மையைத் தொட எனக்கே பயம். தங்கையைத் திருப்பிப் போட்டேன். ஒரே சொடுக்கு, முகத்துக்கு முகம் வந்துவிட்டது. கீழே வளைந்த பிரெஞ்சு எழுத்தில் 'பர்தோன்' என்றிருந்த ஒரு ஸ்டாம்பையும் வைத்தேன். மன்னிப்பு கேட்டாயிற்று.

அட்டை செய்யும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். அலைக்கு நிழல் கொடுத்த விதம் அபாரமாம். இதய முத்திரைகள் வந்து குவிந்தன. வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லாருக்கு" என்றார். கூரியரில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அக்காவின் போன்.

"எடது கையால எனக்கு சுண்டல் குடுக்குறியா நீ?"

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தேன். திருப்பியபோது கையும் மாறியிருந்தது. சண்டைக்காரிக்குக்கூட நம் ஊரில் யாரும் இடது கையால் எதையும் நீட்டமாட்டார்கள்.

"ஐயோ அக்கா, அது கம்ப்யூட்டர் பண்ண வேல. படத்தத் திருப்புனா கையும் மாறிடுது."

"அன்னிக்கு வந்தவங்களுக்குச் சிரிக்கத் தெரியல, இன்னிக்குக் கம்ப்யூட்டருக்குக் கை தெரியல. உன்மேல மட்டும் ஒண்ணுமே இல்ல." அதோடு விடவில்லை. "கீழ பர்தோன்னு போட்டிருக்கே, அது நீ எழுதுனதா?"

"இல்லக்கா. அதுவும் ஸ்டாம்ப்தான்."

"பஸ்ல கால மிதிச்சவன்கூட அத வாயால சொல்றாண்டி."

வெட்கமாக இருந்தது. வெட்டியது, ஒட்டியது, அழித்தது, அத்தனை பாடும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னுதுதான்க்கா," என்றேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும் வந்துடு," என்றாள். "மீன் கொழம்பு வெக்கிறேன். வாயத் தொறக்கறது சோத்துக்கு மட்டும் இருக்கட்டும்."