கழுவி வைத்த கடற்பஞ்சு

கம்பத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் எது வந்தாலும் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசித்தான் வைப்பேன்.

கடல் உயிர்களை ஆராய்ச்சி செய்கிற என் மகள், ராமேஸ்வரத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் வந்தாள். ஃபிரிட்ஜில் அவள் வைத்த பாட்டிலுக்குள் ஒரு கடற்பஞ்சு. வாடை தாங்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் கடல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சை நன்றாக அலசி வைத்தேன்.

பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கிருமி போகட்டும்னுதான்டி கழுவுனேன்” என்றேன்.

“நோய்க்கு ஆகுற மருந்து அதுல இருக்கும்மா. அதப் பஞ்சே செய்யுதா, உள்ள குடியிருக்கிற கிருமி செய்யுதான்னு பாக்கத்தான் உசுரோட கொண்டாந்தேன். இன்னொண்ணு கிடைக்கிறது கஷ்டம்னு எங்க சார் சொன்னாக.”

ஈரம் சொட்டிய என் கையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.