இன்று எத்தனை மரம்?

ஜெர்மனியில் நான் வசிக்கும் காசல் நகரத்தில் மூடுபனி இறங்கினால், வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும். வாகனம் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்கும்படி சொல்லிவிட்டு, மதியத்துக்குள் விலகிவிடும் என்று ஆறுதலும் சொல்வார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல் இருக்கும். அந்த ஆறுதல் மட்டும் எனக்கு இன்றுவரை பழகவில்லை. நூலகத்தில் வேலைக்குக் கிளம்பும் முன் காப்பி டம்ளருடன் பால்கனியில் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பவள் நான்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஃப்ராவ் பிரேமர் என்ற அம்மையார் இருக்கிறார். கணவர் இல்லை, ஒரு வயதான நாய் உண்டு. அதை உலாவக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் என்னை அண்ணாந்து பார்ப்பார். ஒரு குளிர்காலத்தில் என் கதவைத் தட்டி, அட்டைப்பெட்டியிலிருந்து வெள்ளைப் பலகை போன்ற ஒரு விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். டாகெஸ்லிஷ்ட்லாம்பெ, அதாவது பகல்வெளிச்ச விளக்கு. தினமும் காலையில் இதன் முன்னால் உட்கார்ந்தால் மனச்சோர்வு போய்விடுமாம். அவர் தங்கைக்குப் பலித்ததாம்.

"எனக்கு ஒன்றுமில்லை, ஃப்ராவ் பிரேமர். நான் மூடுபனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"தெரியும். தினமும் பார்க்கிறீர்கள். அதனால்தான் கொண்டுவந்தேன்."

என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த விளக்கைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் வலைப்பூவுக்குப் படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் இந்த ஊரில் கிடைக்காது.

வலைப்பூவின் பெயர் 'மூன்றாவது டம்ளர்'. காலையில் முதல் டம்ளர் கண் விழிப்பதற்கு, இரண்டாவது வேலைக்கு, மூன்றாவது வெறும் ஆசைக்கு. அந்த ஆசைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பச்சைக் காப்பிக்கொட்டையை வாணலியில் வறுப்பது, பேனா மைகளை நிறவாரியாகச் சேர்ப்பது, படித்த நாட்குறிப்பு நூல்கள், பால்கனித் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கும் ஒரே மிளகுக்கொடி. யாருக்கும் உபயோகமில்லாத விஷயங்கள். அவற்றுக்குப் படுகிற பாடு மட்டும் பெரிது. கொட்டை வறுபடும் பக்குவம் வருவதற்குள் கூரையிலிருக்கும் புகைமணி அலறும். நான் நாற்காலிமேல் ஏறி அதற்குத் துண்டால் விசிற வேண்டும். நுரையைப் படம் எடுக்கக் கோணம் பார்ப்பதற்குள் நுரை அமுங்கிவிடும். சூடான காப்பியின் அருமை பற்றி நான் எழுதிய அத்தனையும் ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டு எழுதியவை. அவ்வப்போது பக்க வடிவமைப்பு தானாக மாறி, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். பின்னூட்டம் வந்திருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், ஷூ விற்கிற ஏதோ ஓர் எந்திரம் "அருமையான பதிவு" என்று வாழ்த்தியிருக்கும். ஏற்காடு என்ற சொல் அடிக்கடி வருவதால் என்னை லாட்ஜ் என்று நினைப்பவர்களும் உண்டு. "மேடம், சனி ஞாயிறு ரூம் இருக்குங்களா? ஏசி வேணும்." ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று நான் பொறுமையாக ஒரு பத்தி பதில் எழுதுவேன். அவர்கள் திரும்பி வருவதில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் மேலே, தேதிக்கு அடுத்து, ஒரு வரி இருக்கும். "ஏற்காடு: இரண்டு மரம். காசல்: ஐந்து கம்பம்." புது வாசகர்களுக்கு இது புரியாது. பழைய வாசகர்களுக்கு இதுதான் முதலில் தேடும் வரி.

என் அப்பா கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். கூலிக்கணக்கும் ஆட்கணக்கும் எழுதுகிற வேலை. அங்கிருந்து ஏற்காடு பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பிள்ளைகள் கூட்டமாக நடப்போம். பனி கெட்டியாக இறங்கிய நாளில் முன்னால் போகிறவளின் பையைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதற்காகத் தலைமையாசிரியை ஒரு விதி வைத்திருந்தார். பஜாரில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் ஒரு கடை. அதற்கு எதிரே, ஒன்றின் பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி மூன்று சில்வர் ஓக் மரங்கள். கடை வாசலில் நின்று பார்த்தால் ஒரு மரம்கூடத் தெரியவில்லை என்றால், அன்று எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தாமதக் குறி கிடையாது. தீர்ப்புச் சொல்கிறவர் கடைக்காரர். அவர் மகள் ஜீனத் என் வகுப்பு. "அத்தா, இன்னைக்கு எத்தன மரம்?" என்று அவள் கேட்பாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்து, "பூஜ்யம், ஓடுங்க கண்ணுகளா" என்பார். அந்தப் பூஜ்யத்துக்காக நாங்கள் மாரியம்மனையும் வேண்டிக்கொண்டதுண்டு, தர்காவிலும் வேண்டிக்கொண்டதுண்டு.

அத்தாவுக்குப் பிறகு கடையை ஜீனத்தும் அவள் கணவர் காதர் அண்ணனும் நடத்தினார்கள். நான் ஜெர்மனிக்கு வந்த வருஷத்திலிருந்து, ஷட்டரைத் தூக்குவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்புவாள். மூணு. ஒண்ணு. ரெண்டு. நான் கண் விழிக்கும்போது அது கைப்பேசியில் காத்திருக்கும். நானும் பால்கனியிலிருந்து டிராம் பாதையின் விளக்குக்கம்பங்களை எண்ணி அவளுக்கு அனுப்புவேன். தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. எந்த நாளில் எது நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால், அந்த நாள் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. ஏற்காட்டின் பனியை என்னைப்போல் விடாமல் பதிந்தவர்கள் யாருமில்லை என்ற ரகசியப் பெருமை எனக்கு இருந்தது.

அந்தப் பெருமையைச் சுரண்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஏற்காட்டை ஒட்டிய வாழவந்தி ஊர்க்காரர்; 'வாழவந்திக்காரன்' என்ற பெயரில் வந்து பின்னூட்டம் போடுவார். "ஏனுங்க மேடம், பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. நான் பஜார்லதான் நின்னேன், நொம்ப வெயிலுங்க. மண்டை காயுது." மலையில் பனி தெருவுக்குத் தெரு மாறும் என்று பதில் எழுதினேன். மறுபடி வந்தார். "அதெல்லாம் சரிங்க. நீங்க சொல்ற மரம் எங்கீங்க இருக்குது?" வம்புக்கு வருகிறார் என்று அதை விட்டுவிட்டேன்.

இடையில் ஊருக்கு வந்தபோதெல்லாம் அம்மா ஈரோட்டில் என் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். விடுப்பு அங்கேயே கரைந்துவிடும். "நீ எதுக்குடி மலையேறி அலையற, நானே எறங்கி வரேன்" என்று ஜீனத் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். சென்ற மார்கழியில் அம்மாவின் திவசம் முடிந்ததும், எனக்குக் கையில் நாட்கள் மீதமிருந்தன. அவளிடம் சொல்லாமல் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். அவள் ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று, இத்தனை வருஷத்துக்குப் பிறகு மரங்களை நானே எண்ண வேண்டும்.

ஒரு புதன்கிழமை விடிகாலை, சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். முதல் வளைவு ஏறும்போதே பனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரனில் கை வைத்தபடி ஊர்ந்தார். ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டினேன். பின்சீட்டில் இருந்தவர், "ஏனுங்க, சாத்துங்க, கொழந்தைக்கு ஆகாது" என்றார். அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஜீனத். "பூஜ்யம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் நானும் ஒரே பனிக்குள் இருக்கிறோம் என்று நினைத்தேன்.

கடைசி வளைவுகளில் பஸ் பனிக்கு மேலே வந்துவிட்டது. ஏரியில் வெயில் பளபளத்தது. பனி முழுவதும் எங்களுக்குக் கீழே, சரிவில், பாலைக் கவிழ்த்ததுபோல் கிடந்தது. நான் வருவதற்குள் கலைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே பஜாருக்கு நடந்தேன். கடை இருந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் மோமோ என்று பலகை. எதிரே ஒரு லாட்ஜும் அதன் கார் நிறுத்தமும். மரம் ஒன்றுகூட இல்லை.

"வாங்க, சூடா இருக்குதுங்க" என்றார் ஆவிச்சட்டிக்குப் பின்னால் நின்றவர்.

"இது ஜீனத் கடைதானே?"

"ஜீனத்தக்காங்களா? அவங்க எல்லாத்தையும் குடுத்துட்டு கீழ எறங்கி மூணு மழை போச்சுங்களே. நீங்க சொந்தமுங்களா?"

"இங்க காலையில பனி எப்பங்க கலைஞ்சுது?"

"பனியா? இன்னைக்கு ஏதுங்க பனி? விடியறப்பவே பளிச்சுன்னு இருந்துச்சு. வளைவுலதான் மூடிக் கெடக்குதுன்னு பஸ்காரங்க சொன்னாங்க."

"எதிர்ல சில்வர் ஓக் இருந்துச்சே?"

"அவங்க எறங்குன கையோட லாட்ஜு கட்டறப்பவே போயிருச்சுங்க. காரு நிறுத்தோணுமில்லீங்க." ஒரு தட்டை நீட்டினார். "காரச் சட்னி போடட்டுமுங்களா?"

தட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஜீனத்தைக் கூப்பிட்டேன்.

"பூஜ்யம்னு அனுப்பினியே, எங்க நின்னுடி பாத்தே?"

அந்தப் பக்கம் ஒரு குக்கர் மட்டும் விசில் அடித்தது.

"நீ எங்க நிக்கற?" என்றாள்.

"உன் கடை வாசல்ல."

"மோமோ தின்னியா?" என்றாள். அவள் குரல் சிரிப்பதுபோல் தொடங்கி அப்படி முடியவில்லை. "ஏறுன பஸ்லயே எறங்கி வா. ஊட்டுக்கு வாடி. சோறு ஆக்கறேன்."

இறங்கும்போது எனக்குப் பனியும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. மூன்று வருஷத்துப் பதிவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கம்பங்களை நான் உண்மையாக எண்ணினேன், மரங்கள் பொய். ஒரு நாளைக்கூட மாற்றி எழுதாதவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேனே. கோபம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயமும் வந்தது: இனி அவள் அந்த ஒரு சொல்லை அனுப்பமாட்டாள்.

அவள் சொன்ன அடையாளப்படி, சேலத்தில் ஒரு சந்துக்குள், மாடி வீடு. காதர் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் இளைப்புக்கு உறிஞ்சும் மருந்துக்குழல். ஆள் பாதியாகியிருந்தார். "வாங்க செல்விம்மா. உங்க கூட்டாளி மாட்டிக்கிட்டாளா? காலைல எனக்கு டீ குடுக்கறாளோ இல்லியோ, மாடிக்குப் போயி மலைக்கு ஒரு சலாம் வெச்சுட்டு வந்துருவா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜீனத் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்க நின்னா மலை முழுசாத் தெரியும். உச்சி வரைக்கும் தெரிஞ்சா மூணு. உச்சி மறஞ்சா ரெண்டு. இடுப்பு வரைக்கும் மறஞ்சா ஒண்ணு. மலையே இல்லீன்னா பூஜ்யம்."

"மூணு வருஷமா நான் பொய் எழுதியிருக்கேன்டி."

"நான் பாத்ததத்தான் அனுப்புனேன். எங்க நின்னு பாக்கறேன்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?"

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நீ அங்க உக்காந்துக்கிட்டு பனி, பனின்னு அத்தர் மாதிரி எழுதற. நானும் படிச்சுட்டு அழுவேன், நொம்ப நல்லா எழுதறடி. அந்தப் பனிதான் இவரு நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிச்சு, டாக்டரு ஒரு குளிருகூட மேல இருக்கக் கூடாதுன்னுட்டாருன்னு உனக்கு எப்படிச் சொல்றது?" முந்தானையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. "சொன்னா நீ கேக்கறத நிறுத்திருவ. நீ கேக்கலீன்னா நான் எதுக்கு மாடி ஏறோணும்?"

"ஒரு மணி நேரம் பஸ். அப்பப்பப் போய்ட்டு வரலாமில்ல?"

"போயி எங்கடி நிக்கறது? எங்கடைக்கு எதுர்ல நின்னு மோமோ திங்கறதா?"

என்னைப் புலம்பெயர்ந்தவள் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. விமானமும் விசாவும் அதன் பின்னால் நிற்கின்றன. ஊர் நினைவு வந்தால் எழுத ஒரு பக்கம் இருக்கிறது, படித்து உச்சுக்கொட்ட நாலு பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரை இழந்தவளுக்கு என்ன பெயர்? அவள் மலையடிவாரத்தில், தினமும் அதைப் பார்த்துக்கொண்டே, அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் தொலைவில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் மலை மெல்லத் திறந்தது. முதலில் அடிவாரம், பிறகு இடுப்பு, பிறகு உச்சி. "மூணு" என்றாள் ஜீனத், தன்னையறியாமல். "மூணு" என்றேன் நானும்.

காசலுக்குத் திரும்பியதும் பழைய பதிவுகளை அழிக்கலாமா என்று யோசித்தேன். ஒன்றையும் அழிக்கவில்லை. அவள் சம்மதத்துடன் நடந்ததை ஒரு பதிவாக எழுதினேன். மேல் வரியை மட்டும் மாற்றினேன்: "ஏற்காடு, சேலத்து மாடியிலிருந்து." வாழவந்திக்காரன் உடனே வந்துவிட்டார். "இப்பத்தான் வழிக்கு வந்தீங்க. ஓக் இல்லீனா என்னங்க, எங்கூட்டு வாசல்ல பலாமரம் ஒண்ணு இருக்குதுங்க. வேணும்னா தெனம் பாத்துச் சொல்றனுங்க." அவருக்கு நன்றி சொன்னேன். பலாமரத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஜீனத் மாடி ஏற வேண்டும்.

நேற்றுக் காலை கதவு தட்டப்பட்டது. நாயுடன் ஃப்ராவ் பிரேமர். ஊரிலிருந்து வந்ததும் மரக்கணக்கின் கதையை அவருக்கும் சொல்லியிருந்தேன். வானொலியில் கேட்டுவிட்டு மேலே ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"உங்களுடைய மூடுபனி வந்திருக்கிறது" என்றார். ஆறுதல் சொல்லும் குரல் அல்ல, விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லும் குரல்.

பால்கனிக்குப் போனேன். கைப்பேசியில் ஜீனத்தின் செய்தி காத்திருந்தது. "மலையே இல்லடி. நீ அதுக்குள்ளதான் இருக்கறன்னு நெனச்சுக்கிட்டேன்." கீழே ஃப்ராவ் பிரேமரும் நாயும் நாலடி நடந்து வெண்மைக்குள் காணாமல் போனார்கள். டிராம் மணி மட்டும் எங்கோ கேட்டது. கம்பங்களை எண்ணப் பார்த்தேன். முதல் கம்பத்தின் இடத்தில் ஏதோ உயரமாக, கிளையில்லாமல், நின்றுகொண்டிருந்தது. அதைக் கம்பம் என்று எழுத எனக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.